குன்றின்மேற் காற்றும் கணனியின் கணக்கும்



ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் படகேறிச் சென்ற அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். படகோட்டி கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னர் வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். கரையோரப் பனைகளின் ஓலை எப்பக்கம் அடிக்கின்றது என்று நோக்குவார். கடலின் நிறத்தையும் ஒரு கணம் கவனிப்பார். அதன் பின்னரே புறப்படுவார். அந்தச் சிறு பொழுதில் அவருடைய மனத்தில் ஒரு கணக்கு நடந்து முடிகின்றது. வீசுவது சோளகமா, வாடையா, கச்சானா. எந்த முனையைக் கடக்கும்போது அலை எழும். எந்தத் தீவின் மறைவிலே கடல் அடங்கியிருக்கும் என்பனவெல்லாம் அக்கணக்கில் அடங்கும். கணக்குச் சரியா பிழையா என்பதை அன்றைக்கே கடல் சொல்லிவிடும். பிழைத்தால் நனைபவரும் அவரே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் காற்றைப் பற்றிய ஒரு கணக்கே. குன்றும் மேடும் உள்ள நிலத்தின்மேல் காற்று எவ்வாறு செல்லும் என்பதைக் கணனியின் துணைகொண்டு முன்கூட்டியே கணித்துச் சொல்லும் முறைகள் பல உள்ளன. அவற்றைக் கணனி மாதிரிகள் என்பர். அவை சொல்வதை நம்பலாமா? நம்பலாமெனில் எவ்வளவு நம்பலாம்? அந்த நம்பிக்கையை அறிஞர்கள் எவ்வாறு சோதித்துப் பார்த்தார்கள்? இவையே நம் முன்னுள்ள வினாக்கள்.

"அனலைதீவிலே குன்று ஏது? ஏறக்குறைய 5 சதுர கிலோமீற்றர் பரப்பில், கடல்மட்டத்தை ஒட்டித் தட்டையாகக் கிடக்கும் தீவுக்கு மலைக்காற்றின் கதை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. அவற்றைப் பேச்சின் பிற்பகுதியிற் சொல்வேன். முதலில், இக்கணக்கினால் அனலைதீவுக்கு ஆவது என்ன என்பதைப் பார்ப்போம்.

நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பொது மின்வலைப்பின்னலோடு இணையாது, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்த தீவுகள். அப்பொறிகள் குடிக்கும் எண்ணெயில் ஒவ்வொரு துளியும் கடல் கடந்தே வரவேண்டும். கடல் கொந்தளித்தால் எண்ணெய்க்கும் தடை. எண்ணெய் விலை ஏறினால் விளக்குக்கும் தடை. இந்நிலையை மாற்றுதற்பொருட்டு, இந்திய அரசின் நன்கொடையோடு இம்மூன்று தீவுகளிலும் கலப்பு மின்திட்டம் ஒன்றை அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1ஆம் நாள் கையெழுத்தாயிற்று. காற்றிலிருந்து 530 கிலோவாற்று, ஞாயிற்றின் ஒளியிலிருந்து 1,700 கிலோவாற்று, சேமித்து வைக்க 2,400 கிலோவாற்று மணித்தியாலம் கொள்ளும் மின்கலங்கள், துணைக்கு 2,500 கிலோவாற்று டீசற் பொறிகள் என்பது அத்திட்டத்தின் அளவு.

இவற்றுள் ஞாயிற்றின் கணக்கு எளிது. ஒரு வயலில் விழும் வெயில் அடுத்த வயலிலும் ஏறக்குறைய அவ்வாறே விழும். காற்றின் கணக்கு அப்படியன்று. ஒரு வளவிலே ஓங்கி வீசும் காற்று, பனங்கூடலுக்குப் பின்னாலுள்ள அடுத்த வளவிலே ஓய்ந்து கிடக்கும். மேலும், காற்றிலுள்ள வலு அதன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப மாறுகின்றது. வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்காகும். இந்த விதியை மறுபுறமாகத் திருப்பிப் பாருங்கள். ஓர் இடத்தில் செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில் காற்று வீசும் என்று கணக்குச் சொல்கின்றது என வைத்துக்கொள்வோம். உண்மையில் வீசுவதோ 6 மீற்றர். வேகத்திற் குறைந்தது ஏழில் ஒரு பங்குதான். ஆனால் வலுவில், எதிர்பார்த்த 100 பங்கிற் கிடைப்பது 63 பங்கு மாத்திரமே. எஞ்சிய 37 பங்கை யார் ஈடுசெய்வது? மீண்டும் டீசலே ஈடுசெய்ய வேண்டும். மின்பொறி காற்று முழுவதையும் உண்பதில்லையாதலால் உற்பத்தியிலே குறைவு இதே அளவாய் இராது. எனினும் வேகத்திற் காணும் சிறு பிழை விளைவிலே பெரிதாகின்றது என்பது மாறாது. இயந்திரத்தைச் செய்தவனுக்கு இது ஓர் எண். தீவில் இரவு படிக்கும் மாணவிக்கோ இது விளக்கு எரிவதும் அணைவதும் பற்றிய செய்தி.

இனிக் குன்றுக்குச் செல்வோம்.

சமவெளியில் வரும் காற்று ஒரு குன்றை எதிர்ப்படும்போது மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. குன்றின் அடிவாரத்தில் காற்றுச் சற்றே தயங்குகின்றது. சரிவில் ஏறும்போது நெருக்குண்டு விரைந்து, உச்சியில் மிகுந்த வேகம் கொள்கின்றது. உச்சியைத் தாண்டியதும், சரிவு மெல்லியதாயின் அமைதியாக இறங்குகின்றது. சரிவு செங்குத்தாயின் நிலத்தை விட்டு விலகி, பின்புறத்திலே சுழன்று புரளுகின்றது. மறைவுப் பக்கம் என்று நாம் சொல்வது இந்தச் சுழற்சியின் இருப்பிடத்தையே.

உச்சியில் வேகம் எவ்வளவு கூடும்? இதற்கு ஓர் எளிய கைக்கணக்கு உண்டு. நீண்ட மேடு ஒன்றின் உயரத்தை இரண்டாற் பெருக்குக. உச்சிக்கும், மேட்டின் உயரம் பாதியாகும் இடத்துக்கும் இடையிலுள்ள கிடைத்தூரத்தால் அதனை வகுக்குக. 100 மீற்றர் உயரமும், அத்தகைய தூரம் 250 மீற்றரும் உடைய மேட்டில் விடை 0.8 ஆகும். அதாவது உச்சியில், நிலத்துக்கு அண்மையில், காற்று நூற்றுக்கு 80 பங்கு கூடுதலாக வீசும். இக்கைக்கணக்குக்கு அடிப்படையான கோட்பாட்டை 1975ஆம் ஆண்டில் ஜாக்சன், ஹண்ட் என்னும் இருவர் வெளியிட்டனர். நிலத்தை ஒட்டிய மெல்லிய காற்றுப் படையில் உராய்வும் கொந்தளிப்பும் ஆட்சி செய்கின்றன என்றும், அதற்கு மேலே அமுக்க வேறுபாடே ஆட்சி செய்கின்றது என்றும் அவர்கள் காட்டினார்கள். இதையொட்டி எழுந்ததே டென்மார்க்கு நாட்டின் ரிசோ ஆய்வுகூடத்தில் 1987இல் உருவான வாஸ்ப் என்னும் கணனி முறை. உலகெங்கும் காற்றாலைகளுக்கு இடம் தெரிவோர் நெடுங்காலம் கையாண்ட முறை அது.

கோட்பாடு அழகியது, கணக்கும் விரைந்து முடிகின்றது. ஆனால் காற்று அதற்குக் கட்டுப்படுமா? இதை அறியும் பொருட்டு ஸ்கொத்லாந்தின் மேற்கிலுள்ள சவுத் யூயிஸ்ட் என்னும் தீவிலே, ஆஸ்கர்வெயின் என்ற குன்றை அறிஞர்கள் தெரிந்தெடுத்தனர். 116 மீற்றர் உயரமுள்ள அக்குன்றிலும் சுற்றுப்புறத்திலும் 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் ஏறக்குறைய 50 கம்பங்களை நட்டு, காற்றுவேகமானிகளைப் பொருத்தி, பல நாட்டவர் ஒன்றுசேர்ந்து அளந்தார்கள். குன்றின் உச்சியிலே காற்றின் வேகம் சமவெளியில் உள்ளதன் இரு மடங்கை நெருங்கிற்று. காற்றை எதிர்நோக்கிய சரிவிலும் உச்சியிலும் கணக்கும் அளவும் நன்றாகவே ஒத்தன. மறைவுச் சரிவிலோ கணக்குத் தடுமாறிற்று. காற்று ஒழுங்காக ஓடும் இடத்தில் மாதிரி தேறியது. காற்றுப் புரளும் இடத்தில் இடறியது.

இதிலிருந்து பிறந்த எச்சரிக்கை ஒன்று இன்றும் வழங்குகின்றது. நிலத்தின் சாய்வு நூற்றுக்கு 30 பங்கினை மிஞ்சினால், அதாவது 100 மீற்றர் நடக்கையில் 30 மீற்றருக்கு மேல் ஏறவேண்டி வந்தால், எளிய மாதிரியின் சொல்லை அப்படியே ஏற்றல் ஆகாது. அத்தகைய நிலத்திலே அது உச்சிக் காற்றை மிகைப்படுத்திச் சொல்லும் இயல்புடையது.

ஆயினும் ஆஸ்கர்வெயின் சோதனையிலே ஒரு குறை இருந்தது. அளந்த பெறுமானங்கள் அச்சேறி எல்லார் கைக்கும் வந்துவிட்டன. பின்னர் வந்த மாதிரிகளை ஆக்கியோர், விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தம் கணக்கைத் திருத்த இயன்றது. பரீட்சைக்கு முன்பே விடைத்தாளைக் கண்ட மாணவன் நூற்றுக்கு நூறு வாங்கினால், அதைக் கொண்டு அவன் அறிவை அளக்கலாகுமோ? ஆகாது. எனவே விடையை மறைத்து வைத்து ஒரு பரீட்சை நடத்தவேண்டும் என்ற எண்ணம் எழுந்தது.

அப்பரீட்சைக்கூடமாக அமைந்தது டென்மார்க்கில் ரொஸ்கில்டே கடற்கழியிலுள்ள போலுண்டு என்னும் சிறு மேடு. அதன் உயரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 12 மீற்றர். நமது தீவில் நன்கு வளர்ந்த பனை ஒன்று அதனைக் குனிந்து பார்க்கும். நீளம் 130 மீற்றர், அகலம் 75 மீற்றர். மூன்று பக்கமும் கடல்நீர். ஒரு பக்கம் ஒடுங்கிய நிலத்தொடர்பு. மேலே புல் மாத்திரம். ஆனால் மேற்குப் புறத்தில் அது சுவர் போலச் செங்குத்தாக எழுகின்றது. கடல்மீது தடையின்றி வரும் காற்று அச்சுவரிலே திடீரென மோதுகின்றது. கணனி மாதிரிக்கு இதைவிடக் கடிய சோதனை இல்லை.

2007ஆம் ஆண்டின் இறுதியிலும் 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அங்கே 10 கம்பங்களில் 35 காற்றுவேகமானிகள் இயங்கின. பின்னர், உலகெங்குமுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் அழைப்பு விடுத்தனர். மேட்டின் வடிவத்தைக் கொடுத்தனர். நிலத்தின் கரடுமுரட்டையும் கடலின் வழுவழுப்பையும் எண்ணாற் கொடுத்தனர். வந்து சேரும் காற்றின் தன்மையையும் கொடுத்தனர். மேட்டின்மேல் அளந்த விடையை மாத்திரம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டனர். 50க்கும் மேற்பட்ட கணிப்புக்கள் வந்து சேர்ந்தன. எளிய முறைகள், பெருங்கணனிகளில் நாட்கணக்காக ஓடிய முறைகள், காற்றுச் சுரங்கத்தில் சிறு மேடு செய்து பார்த்த முறைகள் என்று பலவகைப்பட்டவை அவை. 2009ஆம் ஆண்டு டிசெம்பரில் எல்லாரும் கூடிய அவையில் பெட்டி திறக்கப்பட்டது.

விளைவு பலருடைய செருக்கை அடக்கிற்று. முன்னணியில் நின்ற பத்துக் கணிப்புக்களிற்கூட, முக்கியமான காற்றுத்திசைகளில், வேகத்திற் கண்ட சராசரிப் பிழை நூற்றுக்கு 13 முதல் 17 வரை இருந்தது. 15 பங்கு கூடுதலாகச் சொன்ன வேகம், வலுவிலே ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் தோன்றும் என்பதை மறவாதீர்கள். செங்குத்து விளிம்புக்கு அருகிலே, நிலத்தை ஒட்டிய உயரத்திலே பிழை மிகப் பெரிதாயிருந்தது. மிகுந்த செலவும் நேரமும் கொண்ட பெருங்கணக்குகள் எதிர்பார்த்தவாறு முதலிடம் பெறவில்லை. ஒரே வகையான சமன்பாடுகளைக் கையாண்டோர்கூட வெவ்வேறு விடைகளைக் கண்டனர். விடையானது கருவியை மாத்திரமன்றி, அதைக் கையாளுபவரின் தேர்ச்சியையும் பொறுத்தது என்பது அன்று வெளிப்பட்டது. ஒரே சட்டியும் ஒரே அரிசியும் இருந்தும் சோறு வேறுபடுவதை அறிந்த நம் தாய்மாருக்கு இது புதுமையன்று.

இதனாற் கணனி மாதிரிகள் பயனற்றவை என்று எண்ணிவிடலாகாது. போலுண்டு வேண்டுமென்றே தெரிந்தெடுத்த கடினமான இடம். நிலத்தினின்று உயர்ந்த இடத்திலும், மெல்லிய சரிவுகளிலும் இம்மாதிரிகள் பெரிதும் செம்மையாகவே சொல்கின்றன. தம் பிழையின் அளவைத் தாமே வெளிப்படையாக அறிவித்த அந்த அறிஞர்களின் நேர்மையே அச்சோதனையின் பெரும்பேறு. அதன் பின்னும் அவர்கள் ஓயவில்லை. 2017ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் பெர்டிகாவோ என்னுமிடத்தில், அடுத்தடுத்து நீண்டு கிடக்கும் இரண்டு மலைமுகடுகளையும் இடைப்பட்ட பள்ளத்தாக்கையும் கம்பங்களாலும், ஒளிக்கதிர் கொண்டு தூரத்துக் காற்றை அளக்கும் கருவிகளாலும் நிரப்பி அளந்தார்கள். முகட்டிலிருந்த காற்றாலையின் பின்னே தோன்றும் கலங்கிய காற்று, பகலில் மேலெழுவதையும், குளிர்ந்த இரவில் மலைச்சரிவைத் தழுவிக் கீழிறங்குவதையும் அங்கே கண்டனர். ஒரே குன்றில் பகற்காற்றுக்கு ஒரு குணம், இராக்காற்றுக்கு ஒரு குணம்.

நம் அயலிலும் இத்தொண்டு நடந்திருக்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள பீருமேட்டிலே 1918இற் பிறந்த அன்னா மாணி அம்மையார், இந்திய வளிமண்டலவியல் துறையிற் பணியாற்றி ஓய்வு பெற்றபின், நாடெங்குமுள்ள காற்றளவுகளைத் தொகுத்து 1983இல் நூலாக்கி உதவினார். அளவு முதலில், ஆலை பின்னர் என்பதே அப்பணியின் ஒழுங்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலே, மலைகளுக்கிடையே நெருக்குண்டு விரையும் தென்மேற்குக் காற்றை நம்பி முப்பந்தலைச் சூழ எழுந்த காற்றாலைக் காட்டைக் கன்னியாகுமரிக்குப் போன அன்பர்கள் கண்டிருப்பீர்கள். 2010ஆம் ஆண்டில் சென்னையிலுள்ள காற்றாற்றல் நிறுவனமும் டென்மார்க்கின் ரிசோ ஆய்வுகூடமும் சேர்ந்து இந்தியக் காற்று வரைபட நூலை வெளியிட்டன. இலங்கைக்கு அத்தகைய வரைபட நூலை அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று 2003இல் ஆக்கித் தந்தது. கற்பிட்டி தொடங்கி மன்னார், யாழ்ப்பாணம் வரையுள்ள வடமேற்குக் கரையையும், நடுவிலுள்ள மலைநாட்டையும் நல்ல காற்றுள்ள பகுதிகளாக அது குறித்தது.

இங்கேதான், முன்னர் நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலாம் விடை இருக்கின்றது. அனலைதீவில் மலை இல்லை. ஆனால் அனலைதீவுக்கு வரும் சோளகம் மலைகளைக் கண்டு வருகின்றது. ஒரு பக்கத்திலே தென்னிந்தியாவின் மலைத்தொடர்; மறுபக்கத்திலே 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகாலையைச் சிகரமாகக் கொண்ட நம் மலைநாடு. இவ்விரண்டுக்கும் நடுவே மன்னார்க் குடாவின் வெளி. மலைகளிலே தடையுண்ட காற்று இவ்வெளியில் நெருங்கி விரைகின்றது. பெருங்கணவாய் ஒன்றின் வாயிலிலே நம் தீவுகள் கிடக்கின்றன என்று சொல்லலாம். ஆகவே மலைமீது காற்றின் கணக்குப் பிழைக்குமாயின், கடல்நடுவே உள்ள தீவின் கணக்கும் பிழைக்கும்.

இரண்டாம் விடை அனலைதீவின் மண்ணிலேயே இருக்கின்றது. கடல் வழுவழுப்பானது, அதன்மேல் வரும் காற்றுக்குத் தடையில்லை. கரையேறியதும் பனங்கூடல், வேலி, வீடு, தோட்டம் என்று தடைகள் தொடங்குகின்றன. 20 மீற்றர் உயர்ந்த அடர்ந்த பனங்கூடல் ஒன்று காற்றுக்கு ஒரு குன்றுபோல் நிற்கின்றது. அதன் கலக்கம் அதன் உயரத்தின் ஏறக்குறைய 20 மடங்கு தூரம், அதாவது 400 மீற்றர் வரை, காற்றோடு செல்லக்கூடும். சிறு தீவிலே 400 மீற்றர் என்பது சிறு தூரமோ? 12 மீற்றர் மேட்டிலே உலகத்து அறிஞர்கள் தடுமாறினார்கள் என்றால், பனங்கூடலின் விளிம்பிலே நாம் எவ்வளவு கவனமாயிருக்கவேண்டும்!

ஆதலால் தீவு மக்கள் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று உள. முதலாவது: காற்றாலை நிற்கவிருக்கும் இடத்திலேயே கம்பம் நட்டு, சோளகம், வாடை இரண்டையும் உள்ளடக்கிய ஓராண்டு முழுவதும் அளந்தீர்களா? அவ்வளவை, பல ஆண்டுக் கணக்குடைய நிலையம் ஒன்றின் அளவோடு ஒப்பிட்டீர்களா? ஓராண்டின் காற்று மறு ஆண்டின் காற்றுக்குப் பிணை நில்லாது. இரண்டாவது: உங்கள் மாதிரி விடையை அறியாமலே அளவோடு ஒத்ததா, அன்றி விடையைக் கண்டபின் திருத்தப்பட்டதா? ஒரு கம்பத்தின் அளவைக் கொண்டு கணித்து, மறு கம்பத்தின் அளவால் அதைச் சோதிக்கலாம். மூன்றாவது: எந்த எண்ணைச் சொல்கிறீர்கள்? பொறியியலாளர் இரண்டு எண்களை வைத்திருப்பர். ஒன்று, கிடைக்கவும் கிடைக்காமற் போகவும் சமவாய்ப்புள்ள விளைச்சல். மற்றது, நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்போடு கிடைக்கும் விளைச்சல். முன்னது பெரிது, பின்னது சிறிது. பெருந்தேசத்து மின்வலையிலே ஓர் ஆலை குறைந்தால் மற்றொன்று தாங்கும். தனித்து நிற்கும் தீவிலே தாங்குவார் இல்லை. எனவே மின்கலத்தின் அளவையும் எண்ணெயின் இருப்பையும் தீர்மானிக்கும்போது சிறிய எண்ணையே கையிற் கொள்ளவேண்டும்.

இவற்றைக் கேட்பது ஐயுறவினால் அன்று. அறிவியலின் வழியும் அதுவே. ஸ்கொத்லாந்துத் தீவின் குளிரிலே கம்பம் நட்டவர்களும், பெட்டியைத் திறந்து தம் பிழையை அவையறியச் சொன்னவர்களும் நமக்குக் கற்பித்த பாடம் இது: காற்றைப் பற்றிய எந்தக் கணக்கும், காற்றினிடமே சென்று ஒப்புதல் பெற்ற பின்னரே கணக்காகும்.

ஊர்காவற்றுறைத் துறையில் வானத்தை அண்ணாந்து பார்த்த படகோட்டியை மீண்டும் நினையுங்கள். அவரிடம் கணனி இல்லை. ஆனால் தம் கணக்கை நாள்தோறும் கடலினிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளும் பணிவு இருக்கின்றது. அனலைதீவின் இரவுகளுக்கு ஒளி தருவதாகச் சொல்லும் கணக்குகளுக்கும் அந்தப் பணிவு வாய்க்குமாயின், எண்ணெய்க்காகக் கடலைப் பார்த்திருக்கும் நாட்கள் குறையும்.